"பரீட்சை வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிடாதீர்கள்: மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான கேள்வி பதில்

கல்லூரியில் சேர்ந்த, சேரப்போகிற மாற்றுத்திறனாளி மாணவர்களும் பெற்றோரும் பேராசிரியர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. பல கடிதங்களில் ஒரே சிக்கல் இருந்தது: உரிமை இருக்கிறது, ஆனால் அதைக் கேட்பதற்குள் தேர்வு வந்துவிடுகிறது. அதனால் எதைக் கேட்கலாம் என்பதோடு யாரிடம், எப்போது, எப்படி எழுதிக் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

என் மகளுக்குப் பார்வை முற்றிலும் இல்லை. தனியார் சுயநிதிக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு சேர்த்திருக்கிறோம். "கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் எல்லாம் கவர்ன்மெண்ட் காலேஜ் சமாச்சாரம்மா, இங்கே கிடையாது" என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். உண்மையா?
*ஒரு தாய், திண்டுக்கல்*

உண்மையில்லை அம்மா. இரண்டு வேறு விஷயங்களை அவர்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் வந்தது. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 32ஆம் பிரிவு உயர்கல்வியில் குறைந்தது 5 சதவீத இடஒதுக்கீடும், வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வும் தருகிறது. அந்த ஒதுக்கீடு அரசுக் கல்லூரிகளுக்கும் அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்கும்தான். உங்கள் கல்லூரி அலுவலகத்தின் நினைவில் இருப்பது இந்தப் பிரிவு. ஆனால் படிக்கும்போது தர வேண்டிய வசதிகளைப் பேசும் 16ஆம் பிரிவு, அரசின் நிதி பெறும் நிறுவனங்களோடு அரசின் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களையும் சேர்த்துக்கொள்கிறது. அங்கீகாரம் இல்லாமல் எந்தக் கல்லூரியும் பட்டம் தர முடியாது. தனிநபரின் தேவைக்கேற்ற நியாயமான வசதி தரப்பட வேண்டும் என்கிறது 16. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாட விலக்கு ஆகியவற்றை 17ஆம் பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. நியாயமான வசதியை மறுப்பதே பாகுபாடு என்பது சட்டத்தின் வரையறை.

இனி செய்ய வேண்டியது ஒரு கடிதம். வாய்மொழியாகக் கேட்டதற்கு வாய்மொழியாகத்தான் பதில் வரும். பிறகு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ஒரு பக்கத்துக்குள் முதல்வருக்கு எழுதுங்கள். துறைத் தலைவருக்கும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கும் நகல் கொடுங்கள். யூடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை), மருத்துவச் சான்று, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சலுகை பெற்ற ஆணை ஆகியவற்றின் நகல்களை இணைத்து, உங்கள் பிரதியில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

"தேவையான எல்லா உதவிகளையும் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. எந்த உதவி என்று படிப்பவருக்குத் தெரியாது. இடம் வாரியாகப் பிரித்து எழுதுங்கள். வகுப்பில்: கரும்பலகையில் எழுதுவதை ஆசிரியர் வாய்விட்டும் சொல்ல வேண்டும், பாடத்தைக் குரல் பதிவு செய்ய அனுமதி வேண்டும். பாடநூலுக்கு: குறிப்புகள் யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) தட்டச்சுக் கோப்பாக, வகுப்புக்கு முன்பே வேண்டும். உள்தேர்வில்: சொல்வதை எழுதுபவர், மணிக்கு 20 நிமிடம் கூடுதல், தனி அறை. பருவத் தேர்விலும் இதே வசதிகள்; அதோடு வரைபடக் கேள்விக்கு மாற்றுக் கேள்வி. வரலாற்றுத் துறையில் இந்தக் கடைசி வரி முக்கியம். "இந்திய வரைபடத்தில் குறிக்கவும்" என்ற கேள்வி வரும் என்று முன்பே தெரிந்தால்தான் வினாத்தாள் தயாரிப்பவர் மாற்றுக் கேள்வி வைக்க முடியும்.

இணைப்புக் கல்லூரி என்றால் பருவத் தேர்வுச் சலுகையைப் பல்கலைக்கழகம்தான் ஆணையிடும். கல்லூரி பரிந்துரைத்து அனுப்பும். அது போய்த் திரும்ப வாரங்கள் ஆகலாம். தேர்வுக் கட்டணம் கட்டும் நாளுக்குள் ஆணை கையில் இருக்கும்படி, பருவம் தொடங்கிய முதல் இரண்டு வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் அவர்களே முடிவெடுக்கலாம். உள்தேர்வு எப்படியும் கல்லூரியின் கையில்தான். பருவத் தேர்வில் எல்லா வசதியும் கிடைத்தும், சாதாரண நேரத்தில் எழுத வைத்த உள்தேர்வில் மதிப்பெண் சரிந்து மொத்தத்தில் பின்தங்குவது அடிக்கடி நடக்கிறது.

சொல்வதை எழுதுபவரை நானே கூட்டிவரலாமா? யார் வரலாம், யார் வரக்கூடாது? தேர்வு அன்று என்னென்ன பிரச்சினை வரும்?
*பி.ஏ. இரண்டாம் ஆண்டு மாணவர், விழுப்புரம்*

மத்திய சமூக நீதி அமைச்சகம் 2018 ஆகஸ்ட் 29 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகளைத்தான் பெரும்பாலான தேர்வு அமைப்புகள் அடிப்படையாக வைத்தன. அதன்படி மாணவர் தன் ஆளைக் கூட்டிவரலாம், அல்லது தேர்வு நடத்துபவரின் பட்டியலிலிருந்து கேட்கலாம். சொந்த ஆள் என்றால் அவருடைய படிப்பு தேர்வெழுதுபவரின் படிப்பைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்றன அந்த நெறிகள். தேர்வு நடத்துபவர்களே ஆள் தர வேண்டும் என்ற போக்கு இப்போது கூடிவருகிறது. போட்டித் தேர்வானால் ஒவ்வொரு முறையும் அந்த ஆண்டின் அறிவிக்கையைப் படித்துவிட்டே ஆளை முடிவு செய்யுங்கள். கல்லூரித் தேர்வுக்கு உங்கள் பல்கலைக்கழக விதிதான் பேசும். சில இடங்களில் அதே பாடத்தைப் படித்தவர் வரக்கூடாது என்ற நிபந்தனையும் உண்டு.

கூடுதல் நேரம் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையக்கூடாது. 3 மணி நேரத் தேர்வுக்கு 1 மணி நேரம். சொல்வதை எழுதுபவர் இல்லாமல் நீங்களே எழுதினாலும் இந்த நேரம் உங்களுடையது. "ஆள் வைத்துக்கொண்டால்தான் நேரம்" என்று சொல்லும் கண்காணிப்பாளர்கள் இருக்கிறார்கள். ஆணையில் இரண்டையும் தனித்தனி வரியாக எழுதி வாங்கினால் இந்தத் தகராறு வராது.

தேர்வு நடத்துபவர் தரும் ஆளாக இருந்தால் 2 நாள் முன்பே சந்திக்க அனுமதி உண்டு. அந்தச் சந்திப்பை விட்டுவிடாதீர்கள். ஒரு பத்தி சொல்லி எழுத வைத்து, திருப்பி வாசிக்கச் சொல்லுங்கள். கையெழுத்து வேகம், தமிழில் ல, ள, ழ பிழை, ஆங்கிலக் கலைச்சொல்லின் எழுத்துக்கூட்டல் மூன்றும் அப்போதே தெரிந்துவிடும். மொழிப்பாடத்துக்கு ஒருவர், மற்றப் பாடத்துக்கு வேறொருவர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பாடத்துக்கு ஒருவர்தான். அவசரத்தில் ஆளை மாற்றவும் அந்த நெறிகளில் இடம் உண்டு. அதனால் மாற்று ஆள் ஒருவரின் பெயர், புகைப்படம், படிப்புச் சான்றின் நகல் ஆகியவற்றையும் முதலிலேயே கொடுத்துவையுங்கள். தேர்வன்று காலை ஆளுக்குக் காய்ச்சல் வந்து, ஹாலுக்கு வெளியே நின்று போன் போட்டுக்கொண்டிருப்பதுதான் எல்லாவற்றிலும் கொடிய நிலை.

சொல்லி எழுத வைப்பதும் ஒரு பயிற்சிதான். மனத்தில் இருப்பதை எழுதுவது வேறு, இன்னொருவர் கைக்கு ஏற்ற வேகத்தில் வாக்கியமாக உடைத்துச் சொல்வது வேறு. பத்து மதிப்பெண் கேள்வி ஒன்றைக் கடிகாரம் வைத்துச் சொல்லிப் பாருங்கள். முதல் முறை நேரம் போதாது. நான்கைந்து முறைக்குப் பிறகு அளவு பிடிபடும். தேர்வில் முதல் 10 நிமிடம் முழு வினாத்தாளையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, எந்த வரிசையில் எழுதுவது என்று முடிவு செய்யுங்கள். கணினியில் தட்டச்சு செய்ய முடிந்தால் அதையும் கேட்கலாம். அப்படியானால் முந்தைய நாளே அந்தக் கணினியைச் சோதிக்க அனுமதி உண்டு. திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் மென்பொருளான திரைவாசிப்பான் இருக்கிறதா, விசைப்பலகை வரிசை உங்களுக்குப் பழகியதா என்று அன்றே பாருங்கள்.

துறையில் தரும் தமிழ்க் குறிப்புகளை என் திரைவாசிப்பான் வாசிக்க மாட்டேன் என்கிறது. ஆங்கிலம் நன்றாக வாசிக்கிறது. மென்பொருளில் கோளாறா?
*முதுகலைத் தமிழ் மாணவி, மதுரை*

மென்பொருளில் கோளாறு இல்லை. கோப்பு இரண்டு வகையில் கெட்டிருக்கலாம்.

முதல் வகை, பழைய எழுத்துரு. பாமினி, வானவில் போன்றவற்றில் தட்டச்சு செய்த கோப்பு கண்ணுக்குத்தான் தமிழ். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும். பாமினியில் அடித்த 'அம்மா'வைத் திரைவாசிப்பான் "எம், கே, செமிகோலன், கே, எச்" என்றே பார்க்கும். எழுத்துருவை மாற்றினால் சரியாகாது. எழுத்தையே யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். இதற்கான மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மூலக் கோப்பை வாங்கி, எந்த எழுத்துரு என்று பார்த்து, உரையை ஒட்டி மாற்றினால் ஒரு நிமிட வேலை. பிடிஎஃப் ஆக்கிய பிறகு கொடுத்தால் வரி உடைந்து, எழுத்து இடம் மாறி வரும். அதனால் மூலக் கோப்பையே கேளுங்கள். தமிழுக்கு யூனிகோடைத் தமிழக அரசு 2010-லேயே தரமாக அறிவித்துவிட்டது. இன்றும் பழைய எழுத்துருவில் குறிப்பு எழுதித் தருவது பழக்கத்தால்தான்; பேராசிரியரிடம் சொன்னால் பெரும்பாலும் மாற்றிக்கொள்வார்.

இரண்டாம் வகை, படமாக ஸ்கேன் செய்த பக்கம். அதில் எழுத்தே கிடையாது, புகைப்படம்தான் இருக்கிறது. எழுத்துணரி மூலம் உரையாக்க வேண்டும். கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழ் நன்றாகவே வரும். ஆனால் நல்ல விளைவுக்குச் சில நிபந்தனைகள்: 300 டிபிஐ அளவில், பக்கம் சாயாமல், நடு மடிப்பின் நிழல் விழாமல் ஸ்கேன் செய்ய வேண்டும், முழு நூலையும் ஒரே கோப்பாக ஏற்றாமல் சிறு சிறு பகுதியாக ஏற்ற வேண்டும். பக்கவாட்டில் இரண்டு பத்தியாக அச்சிட்ட பக்கத்தில் வரிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஒவ்வொரு பத்தியையும் வெட்டித் தனிப்படமாக ஏற்றுங்கள். 'ர'வும் துணைக்காலும் இடம் மாறுவது வழக்கமான பிழை. செய்யுள் வரிகளில் சீர் பிரிப்பு கலைந்துபோகும். தமிழ் இலக்கிய மாணவிக்கு இது சின்ன விஷயமில்லை. பார்வையுள்ள ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காத செய்யுளை மனப்பாடம் செய்யாதீர்கள்.

விண்டோஸ் கணினியில் என்விடிஏ திரைவாசிப்பான் இலவசம். அதிலேயே வரும் ஈஸ்பீக் குரல் தமிழை வாசிக்கும், ஆனால் இயந்திரத்தனமாக இருக்கும். விண்டோஸ் அமைப்பில் தமிழ் மொழியின் பேச்சுத் தொகுப்பைச் சேர்த்தால் 'வள்ளுவர்' என்ற குரல் கிடைக்கும். என்விடிஏவின் குரல் அமைப்பில் 'விண்டோஸ் ஒன்கோர்' என்பதைத் தேர்ந்து அதை வைத்துக்கொள்ளலாம். வேகமாகப் படிக்க ஈஸ்பீக், செய்யுளையும் உரையையும் நிதானமாகக் கேட்க வள்ளுவர் என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது நல்லது.

நூலகர் "காப்புரிமை இருக்கிறது, ஸ்கேன் செய்யக் கூடாது" என்றால், காப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்த திருத்தத்தைக் காட்டுங்கள். அச்சு நூலைப் படிக்க முடியாத மாற்றுத்திறனாளிக்காக, இலாப நோக்கமின்றி, அவர் படிக்கும் வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்க 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. இது தொடர்பான மராக்கேஷ் ஒப்பந்தத்தை 2014-இல் உலகிலேயே முதலில் ஏற்ற நாடு இந்தியா. ஏற்கெனவே மாற்றிய நூல்களுக்குச் 'சுகம்யா புஸ்தகாலயா' இணைய நூலகத்தில் தேடிப் பாருங்கள். இயலாமைச் சான்றோடு பதிவு செய்ய வேண்டும்.

எனக்குக் காது கேட்காது, ஒரு பக்கம் காக்ளியர் கருவி (அறுவை செய்து உட்காதில் பொருத்தும் கேட்புக் கருவி) இருக்கிறது. பொறியியல் வகுப்பில் 60 பேர். பாதி புரியவில்லை. சைகை மொழி எனக்குத் தெரியாது.
*பி.இ. முதலாண்டு மாணவர், ஈரோடு*

சைகை மொழி தெரியாத உங்களுக்கு அதன் பெயர்ப்பாளரைக் கேட்டுப் பயனில்லை. உங்களுக்கு வேண்டியவை எழுத்தும் நல்ல ஒலியும்.

செவிக்கருவியோ காக்ளியரோ ஒன்றிரண்டு மீட்டர் தூரத்துப் பேச்சைத்தான் தெளிவாகப் பிடிக்கும். மின்விசிறி, எதிரொலி, நாற்காலி இழுக்கும் சத்தம் எல்லாம் சேர்ந்தால் அதுவும் போச்சு. ஆசிரியர் சட்டையில் மாட்டும் கம்பியில்லா மைக், அவர் குரலை நேரே கருவிக்கு அனுப்பும். உங்கள் கருவியின் மாடலுக்கு எந்த மைக் பொருந்தும் என்று ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணர்) எழுதி வாங்கி, அந்தச் சீட்டோடு கல்லூரியிடம் கேளுங்கள். விலை கூடுதல், கல்லூரி உடனே வாங்கித் தராமல் போகலாம். அதுவரை ஆண்ட்ராய்டு போனில் 'லைவ் டிரான்ஸ்கிரைப்' செயலியை வைத்து, போனை உங்கள் மேசையில் வைக்காமல் ஆசிரியர் மேசையில் வைத்துப் பாருங்கள். பேச்சு தமிழும் ஆங்கிலமும் கலந்து வருவதால் தடுமாறும். செயலியில் இரண்டு மொழிகளையும் தேர்ந்து வைத்து மாற்றிக்கொள்ளலாம். கலைச்சொற்களைத் தப்பாகத்தான் எழுதும். அன்றைய பாடத்தின் சொற்பட்டியலையும் ஸ்லைடுகளையும் முந்தைய நாளே வாங்கிப் படித்துவிட்டுப் போனால் தப்பு எங்கே என்று உங்களுக்கே தெரியும்.

உட்காரும் இடம் இரண்டாம் வரிசை, கருவி இருக்கும் காது ஆசிரியர் பக்கம் வரும்படி ஓர் ஓரம். முதல் வரிசை வேண்டாம். வகுப்பில் யார் கேள்வி கேட்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்க முடியாது. பலகையைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டாம், சன்னலுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டாம், மற்ற மாணவர் கேட்ட கேள்வியைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொல்லுங்கள் என்று ஒவ்வொரு ஆசிரியரிடமும் துறைத் தலைவர் வழியாகச் சொல்ல வையுங்கள். வாய்மொழித் தேர்வில் கேள்விகளை எழுதிக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. அதைத் தேர்வன்று கேட்காமல் கடிதத்திலேயே சேருங்கள்.

சைகை மொழியில் படிக்க விரும்பும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: சென்னை மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறையுடையோருக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் 2007 முதல் நடக்கின்றன.

என் மகன் சக்கர நாற்காலியில் போகிறான். வகுப்பு இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. "நண்பர்கள் தூக்கிக்கொண்டு போவார்கள்" என்கிறார் முதல்வர்.
*ஒரு தந்தை, தூத்துக்குடி*

தூக்கிப் போவதை ஏற்காதீர்கள். படியில் ஒருவர் கால் இடறினால் எல்லோரும் விழுவார்கள். அன்றாடம் நான்கு பேரின் தயவில் வகுப்புக்குப் போவது படிக்கிற பிள்ளைக்கு மரியாதையும் இல்லை.

லிஃப்ட் கட்ட ஆண்டுகள் ஆகலாம். வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்ற ஒரு நாள் போதும், செலவும் இல்லை. கால அட்டவணை போடுபவர் யார் என்று கேட்டு, அவரிடம் நேரே பேசுங்கள். பருவம் தொடங்கும் முன் கேட்டால் அறையை மாற்றுவது எளிது. நூலகம், ஆய்வகம், தேர்வு அறை, அலுவலகச் சன்னல் எல்லாவற்றையும் பட்டியலிட்டு, எது மாற முடியும், எதற்கு ஆள் கீழே வர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

சாய்தளம் போடச் சம்மதித்தால் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓர் அடி உயரத்துக்குக் குறைந்தது 12 அடி நீளம். வாசலில் 45 செ.மீ. உயரம் இருந்தால் சாய்தளம் 5.4 மீட்டர் ஓட வேண்டும். இடமில்லை என்று ஆறடியில் செங்குத்தாகப் போட்டுவிடுகிறார்கள். அதில் தனியாக ஏறவும் முடியாது, இறங்கும்போது நாற்காலி முன்னால் கவிழும். வழுக்காத தரை, இருபுறமும் கைப்பிடி, மேலே நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் சமதளம் வேண்டும். கதவு திறந்தால் 90 செ.மீ. இடைவெளி கிடைக்க வேண்டும்.

கழிப்பறையைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும் என்பது எங்கள் கருத்து. அது இல்லாத கல்லூரியில் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். தண்டுவடப் பாதிப்பு உள்ளவர்களுக்கு இது சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடும். வெளிப்பக்கம் திறக்கும் கதவு, உள்ளே நாற்காலி திரும்பும் இடம், மேலைநாட்டுக் கழிப்பறைக்கு இருபுறமும் பிடிகம்பி, உட்கார்ந்தபடி எட்டும் தாழ்ப்பாள். அதைப் பூட்டிச் சாவியை அலுவலகத்தில் வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தால் மகனிடம் ஒரு சாவி கேட்டு வாங்குங்கள்.

என் மகளுக்கு டிஸ்லெக்சியா (வாசிப்பிலும் எழுத்திலும் வரும் கற்றல் குறைபாடு). பள்ளியில் சலுகை கிடைத்தது. இப்போது "40 சதவீதம் இல்லை" என்கிறார்கள்.
*ஒரு தாய், கோயம்புத்தூர்*

இயலாமை 40 சதவீதமாவது இருக்க வேண்டும் என்ற வரம்பு இடஒதுக்கீட்டுக்கும் பெரும்பாலான உதவித்தொகைக்கும் உண்டு. நியாயமான வசதிக்கு அந்த வரம்பு இல்லை. எழுதுவதில் சிரமம் உள்ள ஒருவருக்கு 40 சதவீதச் சான்று இல்லை என்பதால் சொல்வதை எழுதுபவரை மறுக்கக்கூடாது என்று 2021 பிப்ரவரி 11 அன்று விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக 40-க்குக் குறைந்தவர்களுக்கான தேர்வு நெறிகளை மத்திய அரசு 2022 ஆகஸ்ட் 10 அன்று வெளியிட்டது. எழுதுவதில் இடர்ப்பாடு இருக்கிறது என்று அரசு மருத்துவமனை மருத்துவக் குழுவின் சான்று அதற்கு வேண்டும்.

கற்றல் குறைபாட்டுச் சான்று 14 வயதிலும் 18 வயதிலும் மறு மதிப்பீட்டுக்கு வரும். மகளுக்கு 18 ஆகியிருந்தால், பழைய சான்றை வைத்துக் கல்லூரியோடு வாதாடும் முன் புதிய மதிப்பீட்டை முடித்துவிடுங்கள். தனியார் உளவியலாளரின் அறிக்கை துணை ஆவணம்தான். அதை மட்டும் நீட்டினால் திருப்பிவிடுவார்கள். பள்ளித் தேர்வுத்துறை கொடுத்த சலுகை ஆணையையும் இணையுங்கள்.

கூடுதல் நேரத்தோடு நிற்காமல், எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்காமை, கால்குலேட்டர், வினாத்தாளை வாசித்துக் காட்ட ஒருவர் ஆகியவற்றையும் கேட்கலாம். பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம் இரண்டில் ஒன்றிலிருந்து விலக்கு வேண்டுமானால் முதல் பருவத்திலேயே பல்கலைக்கழகத்துக்கு எழுதுங்கள். அரியர் விழுந்த பிறகு கேட்டால் "தோற்றதால் கேட்கிறாள்" என்று பார்ப்பார்கள்.

என் வேதியியல் ஆய்வகத்தில் ஒரு மாணவிக்கு ஒரு கை செயல்படாது. பருமனறி பகுப்பாய்வை (டைட்ரேஷன்) எப்படிச் செய்ய வைப்பது? விலக்கு கொடுத்துவிடலாமா?
*உதவிப் பேராசிரியர், தஞ்சாவூர்*

விலக்கு கடைசி வழி. நீங்கள் மதிப்பிடுவது முடிவுப் புள்ளியைக் கண்டறியும் திறனையும் கணக்கீட்டையும்தானே? குடுவையைச் சுழற்றுவது அதில் சேராது. கூம்புக் குடுவைக்குக் கீழே காந்தக் கலக்கி வைத்துவிட்டால், ஒரு கை பியூரெட் குழாய்க்குப் போதும். பிப்பெட்டுக்குப் பதில் குறிப்பிட்ட அளவு தரும் டிஸ்பென்சர், அல்லது சக்கரம் உருட்டும் பிப்பெட் நிரப்பி. பியூரெட்டைத் தாழ்வாகப் பொருத்தி உட்கார்ந்து செய்ய விடுங்கள். நிரப்பும்போது புனலைத் தாங்கியில் மாட்டிவிடுங்கள். அமிலத்தை ஊற்றுவதை மட்டும் ஆய்வக உதவியாளர் செய்யலாம், மாணவி சொல்லச் சொல்ல. செய்முறைத் தேர்வுக்கு வெளித்தேர்வாளர் வரும் முன் இந்த ஏற்பாட்டை எழுத்தில் அவருக்குத் தெரிவியுங்கள். பார்வை மங்கிய மாணவர்களுக்குப் பியூரெட் அளவைப் போன் கேமராவில் பெரிதாக்கிப் படிக்க விடலாம்.

உதவித்தொகைக்கு இரண்டு முறை விண்ணப்பித்தும் வரவில்லை. எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லை.
*டிப்ளமோ மாணவர், வேலூர்*

தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பம் பெரும்பாலும் சாகும் இடம் உங்கள் கல்லூரிதான். நீங்கள் அனுப்பியதும் கல்லூரியின் பொறுப்பு அலுவலர் தளத்தில் நுழைந்து சரிபார்க்க வேண்டும். கடைசித் தேதிக்குள் அவர் செய்யாவிட்டால் அத்தோடு முடிந்தது. அனுப்பிய மறுநாளே விண்ணப்ப எண்ணோடு அவரிடம் போய் நில்லுங்கள். 'குறைபாடு' என்று திருப்பியிருந்தால் அதையும் நீங்கள்தான் தளத்தில் பார்த்துத் திருத்த வேண்டும்.

அடுத்த தடை இனிஷியல். ஆதாரில் ஒரு மாதிரி, மதிப்பெண் சான்றிதழில் ஒரு மாதிரி, யூடிஐடி அட்டையில் இன்னொரு மாதிரி என்று இருந்தால் தளம் ஏற்காது. மூன்றையும் ஒன்றாக்கிய பிறகே விண்ணப்பியுங்கள். வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருந்தால் மட்டும் போதாது, அரசு மானியம் பெறும் கணக்காகவும் அது பதிவாகியிருக்க வேண்டும். வங்கியில் இதைத் தனியாகக் கேளுங்கள்.

மத்திய அரசின் பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், இயலாமை 40 சதவீதத்துக்குக் குறையாமல். நீங்கள் தொழில்நுட்ப டிப்ளமோ என்றால் ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) தரும் 'சக்ஷம்' திட்டத்தைப் பாருங்கள்: ஆண்டுக்கு 50,000 ரூபாய், வருமான வரம்பு 8 லட்சம். மாநில அரசின் உதவித்தொகைக்கு ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள்.

மனநல சிகிச்சையில் இருக்கிறேன். கல்லூரியில் சொல்லப் பயமாக இருக்கிறது. ஆனால் வருகைப் பதிவு குறைகிறது.
*பெயர், ஊர் வேண்டாம்*

மனநோயும் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பட்டியலிடும் 21 இயலாமை வகைகளில் ஒன்று. நோயின் பெயரைச் சொல்லாமலே வசதி கேட்க முடியும். மருத்துவரிடம், "தொடர் சிகிச்சையில் உள்ளார், மருந்தின் விளைவால் காலை நேரத்தில் மயக்கம் இருக்கும், மாதம் இன்னின்ன நாள் மருத்துவமனை வர வேண்டும், தேர்வில் சிறிய அறையும் இடைவேளையும் தேவை" என்று விளைவுகளை மட்டும் எழுதி வாங்குங்கள். சிகிச்சை விவரம் இரகசியமாக இருக்கும் உரிமையை மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 தருகிறது. நம்பிக்கையான ஒரே ஒருவரிடம், துறைத் தலைவரிடமோ மாணவர் ஆலோசகரிடமோ, கொடுத்தால் போதும்.

மருத்துவமனைச் சீட்டுகளை மாதாமாதம் சேர்த்துவிடுங்கள். பருவ முடிவில் மொத்தமாகக் கொடுக்கும் சீட்டை யாரும் நம்புவதில்லை. மனம் தாங்காத நேரத்தில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். தமிழில் பேசுவார்கள், கட்டணமில்லை.

கடிதம் கொடுத்து ஒரு மாதம் ஆயிற்று. பதிலே இல்லை. அடுத்து?
*மாணவி, நாகர்கோவில்*

முதலில் கல்லூரியின் மாணவர் குறைதீர்க் குழு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 விதிமுறைப்படி அது 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் முடிவு கிடைத்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு. இதனோடு சேர்த்தே சென்னையிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கும் புகார் அனுப்பலாம்; வழக்கறிஞர் தேவையில்லை. ஆட்களை அழைக்க, ஆவணம் கேட்க, உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரங்கள் அவருக்கு உண்டு. தேர்வு நெருங்கிவிட்டால் புகாரின் முதல் வரியிலேயே தேர்வுத் தேதியைப் போட்டு, அதற்கு முன்பே நடவடிக்கை எடுக்கக் கேளுங்கள். முத்திரை வாங்கிய அந்தக் கடித நகல்தான் இங்கெல்லாம் உங்கள் சாட்சி.

தோழிக்குச் சொல்வதை எழுதப் போகிறேன். எனக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?
*பிளஸ் டூ மாணவி, சேலம்*

அவர் சொல்வதை மட்டும் எழுதுங்கள். தப்பு என்று தெரிந்தாலும் திருத்தக்கூடாது, முகத்தில் காட்டவும் கூடாது. கேள்வியை முழுதாக, மதிப்பெண்ணோடு சேர்த்து வாசியுங்கள். 'அல்லது' என்ற தெரிவை விழுங்கிவிடாதீர்கள். தெரியாத பெயர் வந்தால் எழுத்துக்கூட்டிச் சொல்லக் கேளுங்கள். பின்தங்கினால் உடனே "நிறுத்துங்கள்" என்று சொல்லுங்கள். ஊகித்து நிரப்ப வேண்டாம். கேட்கும்போதெல்லாம் கடைசி வாக்கியத்தைத் திருப்பி வாசியுங்கள், அரை மணிக்கு ஒரு தடவை நேரம் சொல்லுங்கள். பேச்சைத் தாழ்த்தி வையுங்கள். கண்காணிப்பாளருக்குச் சந்தேகம் வர இடம் கொடுக்காதீர்கள். அடையாள அட்டை, படிப்புச் சான்றின் அசலும் நகலும், இரண்டு புகைப்படம், ஒரே நிற மையில் நான்கு பேனா எடுத்துச் செல்லுங்கள். நான்கு மணி நேரம் தொடர்ந்து எழுதினால் விரல் மரத்துப்போகும்; முந்தைய வாரமே ஒருநாள் இருவருமாக உட்கார்ந்து முழு நேரத் தேர்வு ஒன்றை எழுதிப் பாருங்கள்.